ரூ.38,500 போச்சு: ஈவென்ட் கம்பெனிக்கு இன்டர்னாகப் போகிறவர்களே, உஷார்

சென்னையில் ஈவென்ட் மேனேஜ்மெண்ட் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் தேடும் எம்.பி.ஏ., பி.பி.ஏ., விஸ்காம் பிள்ளைகள் யாராவது இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. இன்றைக்கு மத்தியானம்தான் அந்தக் கம்பெனி மேடம் என் நம்பரை பிளாக் செய்தார். ரூ.38,500. என் பணம் என்று சொல்கிறேன், உண்மையில் பாதிக்கு மேல் என் அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

கம்பெனி பெயரைப் போடமாட்டேன். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியாகிவிட்டது. கல்யாணம், ரிசப்ஷன், நடுவில் எப்போதாவது கார்ப்பரேட் மீட்டிங் என்று செய்கிற நடுத்தரக் கம்பெனி, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் ட்ரோன் ஷாட்டாகப் போட்டுத் தள்ளுவார்கள். இதே மாதிரி இந்த ஊரில் நிறைய இருக்கின்றன, அதனால்தான் பொதுவாகவே சொல்கிறேன். சேருவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்சிப் பக்கம். எம்.பி.ஏ. முதல் வருஷம் முடிந்து இரண்டு மாத சம்மர் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஆன்லைனில் விளம்பரம் பார்த்து அப்ளை செய்தேன். மாதம் ரூ.8,000 ஸ்டைபெண்ட், முடிவில் சர்டிபிகேட். சேரும்போது ரூ.5,000 டெபாசிட் கட்டச் சொன்னார்கள். டி-ஷர்ட், ஐடி கார்டு, வாக்கி டாக்கி எல்லாம் கொடுக்கிறோம், திருப்பிக் கொடுத்ததும் பணம் வாபஸ் என்றார்கள். ரிசப்ஷன் மேஜையில் இருந்த க்யூஆர் கோடுக்கு மேலே கம்பெனி பெயர் பெரிதாக ஒட்டியிருந்தது, ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஆபர் லெட்டரில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணைக்கூட ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எண் நிஜம், கம்பெனி நிஜம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். போலிக் கம்பெனிகளைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பதிவு செய்து, ஆபீஸ் வைத்து, உண்மையிலேயே கல்யாணம் நடத்திக் கொடுக்கும் கம்பெனியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வேலை பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். விருந்தாளிகளுக்கு ஆர்.எஸ்.வி.பி. கால் போடுவது (வருகிறார்களா என்று கேட்பது), எத்தனை மணிக்கு எது நடக்க வேண்டும் என்ற ரன் ஷீட் தயாரிப்பது, ஹோட்டலில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் பிரித்துக் கொடுப்பது, வாசலில் சந்தனம் கல்கண்டோடு வெல்கம் டெஸ்க், ராத்திரி ஸ்டேஜ் டிஸ்மாண்டில் ஆகும்வரை நிற்பது. ஒரு கல்யாணத்துக்குப் பின்னால் எத்தனை பேர் தூங்காமல் இருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. வைகாசி முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. காலில் நீர் கோத்து வீங்கும். ஆனாலும் விளக்கெல்லாம் போட்டு எல்.இ.டி. வால் ஓட ஆரம்பிக்கும்போது, இதில் நம் கையும் இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்.

மேடத்தை ஏன் நம்பினேன் என்றால், நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஒரு கண்காட்சி ஸ்டால் வேலை. முடிய நடு ராத்திரி ஆகிவிட்டது. என் ஹாஸ்டல் கேட்டை ஒன்பதரைக்கே பூட்டிவிடுவார்கள். மேடம் அவரே காரில் கொண்டுவந்து விட்டார், வார்டன் அக்காவிடம் இறங்கி நின்று பேசினார். போகிற வழியில் என் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, பயப்படாதீங்க, உங்க பொண்ணு இங்க என் பொண்ணு மாதிரி" என்றார். அம்மா அடுத்த நாள் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். என் பொண்ணுக்கு மெட்ராஸ்ல ஒரு அம்மா கிடைச்சிருக்காங்க என்று. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பணம் கேட்பதும் எடுத்தவுடன் பெரிதாக வரவில்லை. ஆட்டோவுக்கு இருநூறு, டேப்புக்கு நூறு, பிரிண்ட் அவுட்டுக்கு முந்நூறு. "நீ போட்டுடு பாப்பா, சாயங்காலம் தரேன்." சாயங்காலம் சொன்னபடி வந்துவிடும். டீ குடி என்று ஐம்பது ரூபாய் கூடவே வரும். மீனுக்குப் பொரி போடுவது போல, சில வாரம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு முகூர்த்த நாள், ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் கல்யாணம். விடியற்காலை மூன்று மணிக்கு டெகரேஷன் பார்க்கும் அண்ணாவும் நானும் டாட்டா ஏஸ் வண்டியில் கோயம்பேடு பூ மார்க்கெட் போனோம். முகூர்த்த நாளில் பூ விலை எப்படி ஏறும் என்று சொல்லவே வேண்டாம், ஊரில் இருக்கிற எல்லா மண்டபமும் அன்றைக்கே வாங்கும். வழக்கமாக வாங்கும் கடைக்காரர் பூவைக் கட்டி வைத்துவிட்டு, கையில் காசு வைத்தால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்றார். பழைய பாக்கி இருக்கிறதாம். அண்ணா மேடத்துக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"பாப்பா, என் ஜிபே லிமிட் முடிஞ்சிடுச்சுடா. ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தானே, ராத்திரியே எல்லாருக்கும் போட்டுட்டேன். நீ அனுப்பிடு. காலைல பத்து மணிக்குள்ள உன் அக்கவுண்ட்ல இருக்கும்."

யு.பி.ஐ.யில் ஒரு லட்சம் லிமிட் இருப்பது உண்மை. பொய் சொல்ல வந்தவர்கள் உண்மையைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஏழு மணிக்கு முகூர்த்தம், மணவறை மொட்டையாக நிற்கிறது, பூ இங்கே கிடக்கிறது. ரூ.11,200 அனுப்பினேன். செமஸ்டர் ஃபீஸுக்காக வைத்திருந்த பணம்.

பத்து மணிக்கு வரவில்லை. அன்று ராத்திரி அதே ரிசார்ட்டில் லோடுமேன்கள் கூலி கொடுக்காமல் ட்ரஸ்ஸை (மேடை, விளக்குகளைத் தாங்கும் உலோகச் சட்டம்) தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ரூ.3,800. "காலைலதோட சேர்த்துத் தரேன் பாப்பா." அப்புறம் சந்தனக் கிண்ணம், வெல்கம் போர்டு பிரிண்ட், ஆட்டோ என்று சில்லறை சில்லறையாக ரூ.2,500. ஆக என் கையிலிருந்து போனது ரூ.17,500. டெபாசிட் ரூ.5,000. இரண்டு மாத ஸ்டைபெண்ட் ரூ.16,000, ஒரு ரூபாய்கூட வரவில்லை. மொத்தம் ரூ.38,500. கணக்கு சரியா என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டேன், சரிதான்.

இந்தத் தொழிலில் பணம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். கிளையன்ட் அட்வான்ஸ் கொடுப்பார், பாக்கி விசேஷம் முடிந்த பிறகு வரும், அதிலும் பேரம் பேசுவார்கள். ஆனால் பூக்காரர், லோடுமேன், ஜெனரேட்டர்காரர் எல்லோருக்கும் அன்றைக்கே காசு வேண்டும். நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தை நிரப்பக் கம்பெனி முதல் வைத்திருக்க வேண்டும். இவர்கள் முதல் வைத்திருப்பது இன்டர்ன் பிள்ளைகளின் பாக்கெட்டில். எங்கள் பேட்ச்சில் ஒரு பையனிடம் கிரெடிட் கார்டு இருப்பது தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தனி மரியாதை, சாப்பாடுகூட முதலில் அவனுக்குத்தான். அவன் என்னைவிட அதிகமாக விட்டிருக்கிறான், வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு இருக்கிறான்.

இன்டர்ன்ஷிப் முடியும்போது ஆடி பிறந்துவிட்டது. கேட்டால், "ஆடியில பிசினஸே இல்லையேடா, ஆவணி பிறக்கட்டும், முதல் செக் உனக்குத்தான்." சரி என்று ஊருக்கு வந்தேன். போன் செய்தால் அக்கவுண்ட்ஸ் அக்கா லீவு. அக்கா வந்தால் மேடம் சைட்டில். மேடம் எடுத்தால் கிளையன்ட் பேலன்ஸ் வரவில்லை. பிறகு அக்கவுண்ட்ஸ் அக்காவே ஒரு நாள், "பில் அனுப்பும்மா, பில் இல்லாம எப்படி என்ட்ரி போடறது" என்றார். விடியற்காலைக் கோயம்பேட்டில் துண்டுச் சீட்டைத் தவிர என்ன கொடுப்பார்கள்? லோடுமேனிடம் போய் பில் கேட்கவா? அந்தத் துண்டுச் சீட்டையும் அன்றைக்கே டெகரேஷன் அண்ணா வாங்கி ஃபைலில் வைத்துவிட்டார், ஆபீசில்தான் இருக்கிறது.

நேரில் போனேன். திருச்சியிலிருந்து ராத்திரி பஸ். ஷோபாவில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். சுவர் முழுக்க நாங்கள் செய்த ஸ்டேஜ் போட்டோக்கள். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், மீட்டிங்கில் இருக்கிறார் என்று மதியம்வரை. கண்ணாடிக் கதவு வழியாக அவர் போனைப் பார்த்துக்கொண்டு சிரிப்பது தெரிகிறது. கடைசியில் வெளியே வந்து, நின்றபடியே, "ஸ்டைபெண்ட் பெர்ஃபாமன்ஸ் பார்த்துத்தான்னு லெட்டர்லயே இருக்கே, நீங்க படிக்கலையா? அப்புறம் ஒரு வாக்கி டாக்கி மிஸ்ஸிங், அது டெபாசிட்ல போயிடும். மத்ததுக்கு ஆபீஸ் மெயிலுக்கு எழுதுங்க" என்றார். லெட்டரில் அப்படி ஒரு வரியே கிடையாது, ரூ.8,000 என்று மட்டும்தான் இருக்கிறது. வாக்கி டாக்கியை நான் திருப்பிக் கொடுத்தபோது எடுத்த போட்டோ என் போனில் இருக்கிறது. காட்டினேன். பார்க்கவே இல்லை, உள்ளே போய்விட்டார்.

இதைவிடக் கேவலம் சர்டிபிகேட் விஷயம். காலேஜில் ரிப்போர்ட்டோடு சர்டிபிகேட் வைக்க வேண்டும், இல்லையென்றால் வைவா (வாய்மொழித் தேர்வு) கிடையாது. ரெடியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டு சீல்கூட வைத்திருக்கிறது, அக்கவுண்ட்ஸ் அக்கா காட்டினார். கூடவே இன்னொரு தாள்: "எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், நிறுவனத்திடம் எந்தப் பாக்கியும் இல்லை." அதில் கையெழுத்துப் போட்டால் சர்டிபிகேட். அதாவது ரூ.38,500 கொடுத்து ஒரு காகிதம் வாங்கிக்கொள். எங்கள் கைடு சாரும், "எப்படியாவது வாங்கிட்டு வந்துடும்மா" என்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆவணியும் பிறந்துவிட்டது, அவர்கள் ஸ்டோரியில் தினம் ஒரு கல்யாணம் ஓடுகிறது. பணம் எங்கே என்று இன்று காலையில் கேட்டேன், மத்தியானம் பிளாக்.

தோழியின் மாமா ஒருவர் வக்கீல். அவர் சொன்னபடி தொகையை விவரமாக எழுதி ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம், அதே விஷயம் மெயிலிலும் அனுப்புகிறேன். பதில் இல்லாவிட்டால் போலீசில் புகார். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) கேட்டு வாங்காமல் வராதே என்றார். ஏமாற்றுவதற்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318 (நாம் எல்லோரும் இன்னும் 420 என்றே சொல்கிறோம், அது 2024 ஜூலை 1-லிருந்து மாறிவிட்டது). வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, உதவி எண் 15100. இது நிறையப் பேருக்குத் தெரியாததால் இங்கே போட்டு வைக்கிறேன்.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, இப்போது எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. அவசரத்துக்குச் சில மட்டும். டெபாசிட் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுகிறவன் எதற்குக் காசு கேட்கிறான்? வெண்டருக்கு உங்கள் ஜிபேயிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கட்டாயம் போட்டே ஆக வேண்டுமென்றால் "அனுப்பு, நான் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வந்த பிறகு போடுங்கள். போன் பேச்சு எதற்கும் உதவாது. துண்டுச் சீட்டாக இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போன பேட்ச் இன்டர்ன்களை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து, ஸ்டைபெண்ட் வந்ததா என்று கேளுங்கள். பாக்கி இல்லை என்ற தாளில் பணம் வராமல் கையெழுத்து வேண்டாம். அவ்வளவுதான் இப்போதைக்கு.

இன்னொன்று. அதே கம்பெனி ஆவணி சீசனுக்கு இன்டர்ன் வேண்டும் என்று நேற்று மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறது. அதே ரூ.8,000, அதே டெபாசிட். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஸ்க்ரீனில் யார் பெயர் வருகிறது என்று நின்று பாருங்கள். புகாருக்காக நேற்று பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்தேன். என் ரூ.5,000 கம்பெனி கணக்குக்கே போகவில்லை, மேடத்தின் தம்பி கணக்குக்குப் போயிருக்கிறது.