ஐஎஸ்எல் பிளே ஆஃப்: ஆறு அணி, ஏழு ஆட்டம், பதினைந்து நாள்

இந்தியன் சூப்பர் லீக்கின் 2024-25 சீசனில் 13 அணிகள் சேர்ந்து 156 லீக் ஆட்டங்கள் ஆடின. அதற்குப் பிறகு, கோப்பை யாருக்கு என்று முடிவு செய்ய வந்த பிளே ஆஃபில் இருந்தவை ஏழே ஆட்டங்கள். மார்ச் 29-ல் தொடங்கி ஏப்ரல் 12-ல் முடிந்துவிட்டது. 156-ஐயும் பார்க்க முடியாதவர்கள் இந்த ஏழை மட்டுமாவது பார்க்கலாமா என்றால், தயங்காமல் பாருங்கள். இந்தியக் கால்பந்தில் செலவழிக்கும் நேரத்துக்கு இவ்வளவு திருப்தி தரும் பண்டம் வேறு இல்லை. குறைகளும் உண்டு. அவற்றில் இரண்டு அட்டவணை போடுகிறவர்களால் சரிசெய்யக் கூடியவை. ஒன்றுக்குப் பணம் வேண்டும்.

2022-23 முதல் 2024-25 வரை மூன்று சீசன்கள் ஒரே முறையில் நடந்தன. இந்த மதிப்பீடு அந்த மூன்றை வைத்துத்தான். அதற்கு முன்பு முதல் நான்கு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போகும். சென்னையின் எஃப்சி 2015-லும் 2018-லும் கோப்பையைத் தூக்கியது அந்தப் பழைய முறையில். புதிய முறையில் ஆறு அணிகளுக்கு இடம். முதல் இரண்டு இடக்காரர்கள் அரையிறுதியில் காத்திருப்பார்கள். மூன்றாமிடமும் ஆறாமிடமும், நான்காமிடமும் ஐந்தாமிடமும் தோற்றால் வெளியே என்ற ஒரே ஆட்ட நாக் அவுட்டில் மோதும். 4-5 மோதலில் வென்றவர் முதலிடத்தையும், 3-6 மோதலில் வென்றவர் இரண்டாமிடத்தையும் அரையிறுதியில் சந்திப்பார். அரையிறுதி இரண்டு லெக்: ஒவ்வொரு அணியின் ஊரிலும் ஓர் ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டி முடிவு. இறுதிப் போட்டி ஒரே ஆட்டம்.

லீக்கின் கடைசி வாரத்தில் புள்ளிப் பட்டியல் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே புள்ளிகள் சமமானால் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவை. கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். 2024-25-ல் பெங்களூரு, நார்த் ஈஸ்ட் யுனைடெட், ஜாம்ஷெட்பூர் மூன்றும் 38 புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தில் நார்த் ஈஸ்ட் முந்தியிருந்தும் மூன்றாமிடம் பெங்களூருவுக்குப் போனது. கோல் வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் அணி யாரோடு, எந்த ஊரில் ஆடப் போகிறது என்பதே தப்பாகிவிடும்.

நாக் அவுட் ஆட்டம்தான் இந்தத் தொடரின் சிறந்த பகுதி. மேலே முடித்த அணியின் ஊரில் ஒரே இரவு, 90 நிமிடத்தில் தீராவிட்டால் கூடுதல் நேரம், அதிலும் தீராவிட்டால் பெனால்டி. மூன்று சீசன்களில் நடந்த ஆறு நாக் அவுட்களில் ஐந்தில் உள்ளூர் அணியே வென்றது. தப்பிய ஒன்று 2025-ல் ஷில்லாங்கில் நார்த் ஈஸ்ட் 0-2 என ஜாம்ஷெட்பூரிடம் தோற்றது. ஆறில் இரண்டு கூடுதல் நேரம் வரை போயின. இரண்டிலும் தோற்றது கேரளா பிளாஸ்டர்ஸ். 2024-ல் புவனேஸ்வரில் ஒடிசாவோடு ஆடி, 86 நிமிடம் வரை 1-0 என முன்னணியில் இருந்து, 87-ல் சமன் கொடுத்து, 98-ல் விழுந்தார்கள். சென்னையின் எஃப்சியும் அதே ஆண்டு ஆறாமிடத்தைப் பிடித்து கோவாவுக்குப் போய் 1-2 என வெளியேறியது. மூன்றாமிடத்துக்கும் ஆறாமிடத்துக்கும் உள்ள விலை இதுதான்: சொந்த மைதானம். அதனால் லீக்கின் கடைசி மூன்று வாரம் நடுவில் இருக்கும் அணிகள் விட்டுக்கொடுக்காமல் ஆடுகின்றன. பழைய நான்கு அணி முறையில் இந்த இழுபறி கிடையாது.

அரையிறுதிக்கு வருவோம். சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் இரண்டு இடம் பிடித்த அணிக்குப் பரிசாகக் கிடைப்பது ஓய்வு. அந்த ஓய்வே பல சமயம் காலை வாருகிறது. மூன்று சீசன்களின் ஆறு முதல் லெக் முடிவுகளை வரிசையாகப் பாருங்கள். 2023-ல் மும்பை 0-1, ஹைதராபாத் 0-0. 2024-ல் மோகன் பகான் 1-2, மும்பை 3-2. 2025-ல் மோகன் பகான் 1-2, கோவா 0-2. மேலிடத்து அணி வென்றது ஆறில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும், கோவாவில் 90-ஆவது நிமிடம் வரை 0-2 எனக் கிடந்த மும்பை, சாங்டே இரண்டும் விக்ரம் பிரதாப் ஒன்றுமாக அடுத்த சில நிமிடங்களில் மூன்று கோல் போட்டுப் பறித்தது. எதிரணி நாக் அவுட் ஆடிச் சூடாக வரும்போது இவர்கள் பயிற்சி மைதானத்திலிருந்து நேராக வருகிறார்கள். 2025-ல் இது உச்சத்துக்குப் போனது. நடுவில் சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவெளி விழுந்ததால், மோகன் பகானும் கோவாவும் மார்ச் 8-ல் தங்களுக்குள் கடைசி லீக் ஆட்டம் ஆடிவிட்டு, ஏப்ரல் 2, 3 வரை போட்டி ஆட்டமே இல்லாமல் இருந்தன. ஏறக்குறைய நான்கு வாரம். லீக் முடிந்து பத்து நாளுக்குள் முதல் லெக் வருமாறு அட்டவணை போட்டால் இந்தக் குறை பாதியாகும்.

இன்னொரு விஷயம் லெக் வரிசை. 2023-ல் மேலிடத்து அணிக்கு முதல் லெக்கைச் சொந்த ஊரில் கொடுத்து, இரண்டாவதை எதிரணி ஊரில் வைத்தார்கள். மும்பை, ஹைதராபாத் இரண்டும் அதில் வெளியேறின. 2024-லிருந்து இதைத் திருப்பினார்கள். இரண்டாம் லெக் மேலிடத்து அணியின் மைதானத்தில். அதன்பின் நடந்த நான்கு அரையிறுதிகளில் மூன்றில் மேலிடத்து அணி தேறியது. கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் அது நடப்பது இரண்டாம் லெக் மைதானத்தில்தான் என்பதால் இந்த மாற்றம் நியாயமானது. இதை மறுபடி மாற்றக் கூடாது.

வெளியூரில் போட்ட கோலுக்குத் தனி மதிப்பு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 2023 அரையிறுதியில் பெங்களூரு மும்பையில் 1-0 வென்றது. மும்பை பெங்களூருவில் 2-1 வென்றது. சேர்த்தால் 2-2. சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவரே தேறுவார் என்ற பழைய வெளியூர் கோல் விதி இருந்திருந்தால் இரண்டு கோலை வெளியூரில் போட்ட மும்பை அங்கேயே தேறியிருக்கும். விதி இல்லாததால் ஆட்டம் நீண்டு, பெனால்டியில் பெங்களூரு 9-8 என வென்றது. மும்பையின் மெஹ்தாப் சிங்கின் உதையைப் பெங்களூரு கோல்கீப்பர் குர்பிரீத் தடுக்க, அவர் அணியின் ஜிங்கன் கடைசி உதையை உள்ளே போட்டார். லீக்கில் முதலிடம் பிடித்து வந்த அணி மும்பை. வலி இருக்கத்தான் செய்யும். ஆனாலும் விதி நீக்கப்பட்டது நல்லதே. முதல் லெக்கில் உள்ளூர் அணி ஒரு கோல் வாங்கிவிடுவோமோ என்று பயந்து பின்னால் ஒடுங்கும் ஆட்டம் குறைந்திருக்கிறது.

இரண்டாம் லெக்கின் கடைசிப் பத்து நிமிடத்தில் எழுந்து போகாதீர்கள். 2025-ல் கோவா 0-2 பின்தங்கலை 88-ஆவது நிமிடத்தில் சமன் செய்தது. கூடுதல் நேரம் என்று எல்லோரும் நினைத்தபோது, 90+2-ல் சேத்ரி தலையால் முட்டிப் பெங்களூருவை இறுதிக்குக் கொண்டுபோனார். மறுநாள் கொல்கத்தாவில் 90+4-ல் அபுயா தூரத்திலிருந்து அடித்தது உள்ளே போக, மோகன் பகான் மொத்தக் கணக்கில் 3-2 எனத் தேறியது. லீக்கில் 56 புள்ளி எடுத்த அணியை, 38 புள்ளி எடுத்து ஐந்தாமிடத்தில் வந்த ஜாம்ஷெட்பூர் அந்த நொடி வரை பிடித்து நிறுத்தியிருந்தது.

இறுதிப் போட்டி தரத்தில் ஏமாற்றியதில்லை. மூன்றில் இரண்டு 90 நிமிடத்தைத் தாண்டின. 2023-ல் கோவா ஃபடோர்டாவில் மோகன் பகான் (அப்போது பெயர் ஏடிகே மோகன் பகான்) பெங்களூருவோடு 2-2 ஆடி, பெனால்டியில் 4-3. 2024-ல் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் மும்பை, மோகன் பகானை 3-1. 2025-ல் அதே மைதானத்தில் பெங்களூரு முதலில் முந்த, மோகன் பகானின் கம்மிங்ஸ் பெனால்டியில் சமன் செய்ய, அதே அணியின் மெக்லாரன் 96-ஆவது நிமிடத்தில் முடித்துவைத்தார். 2-1.

நடுவர் பகுதிதான் பலவீனம். இந்த மூன்று சீசன்களிலும் வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் கிடையாது. 2023 இறுதியின் நான்கு கோல்களில் மூன்று பெனால்டியில் வந்தவை. ஒரு சீசன் முழுக்க உழைத்ததை முடிவு செய்யும் இரவில் நடுவருக்கு மறுபார்வைக்கு வழியில்லை. இந்தக் குறைக்குத்தான் பணம் வேண்டும். 156 ஆட்டத்துக்கும் வாங்க முடியாவிட்டால் இந்த ஏழுக்காவது வாங்க வேண்டும்.

2023 மார்ச் 3-ல் பெங்களூருவின் கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு-கேரளா நாக் அவுட்டில் நடந்ததை விஏஆர் கணக்கில் சேர்ப்பது சரியல்ல. அது விதி தெரியாததால் வந்த வினை. 96-ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் சுவர் கட்டத் தயாராவதற்குள் சேத்ரி உதைத்துக் கோல் ஆக்கினார். எதிரணி விலகி நிற்க வேண்டிய 9.15 மீட்டர் தூரத்தை உதைக்கும் அணி கேட்காமல், நடுவரும் விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லாமல் இருந்தால், உடனே உதைக்க விதி இடம் தருகிறது. கேரளாவின் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துப் போனார். பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கேரள கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தது. தடுக்கும் அணி செய்ய வேண்டியது எளிது: நடுவர் விசிலைக் காட்டும் வரை ஒருவர் பந்துக்கு முன்னாலும் கோல்கீப்பர் தன் இடத்திலும் இருக்க வேண்டும். பந்தை உதைக்கவிடாமல் வேண்டுமென்றே மறித்தால் மஞ்சள் அட்டை வரும். அதனால் முன்னால் நிற்பவர் அசையாமல் நிற்கக் கற்றிருக்க வேண்டும்.

கேடயமா கோப்பையா என்ற சண்டைக்கு விடை கொஞ்சம் சிக்கலானது. லீக்கில் முதலிடம் வந்தவருக்கு 2019-20 முதல் ஷீல்டு, அதாவது கேடயம். பிளே ஆஃபை வென்றவருக்குக் கோப்பை. இந்த மூன்று சீசன்களில் பரிசுத் தொகை ஷீல்டுக்கு 3.5 கோடி, கோப்பைக்கு 6 கோடி. ஆனால் ஆசியப் போட்டிக்கான இடம் ஷீல்டோடு போனது. 2024-ல் கோப்பை வென்ற மும்பைக்கு ஆசியாவில் இடமில்லை. ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூவுக்குப் போனது ஷீல்டு வென்ற மோகன் பகான். தகுதிச் சுற்று இடம் சூப்பர் கப் வென்ற ஈஸ்ட் பெங்காலுக்கு. பணம் ஒரு பக்கம், மரியாதை இன்னொரு பக்கம் என்று பிரித்தது சரியான முடிவு. 22, 24 ஆட்டம் நின்று ஆடியவரின் உழைப்பை பதினைந்து நாள் அழித்துவிடக் கூடாது.

நேரில் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. 2024, 2025 இரண்டிலும் இறுதிப் போட்டி லீக்கில் முதலிடம் வந்த மோகன் பகானின் ஊரில் நடந்தது. ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் நிறைந்த அரங்கம் கிடைத்தது என்பதால் பொது மைதானத்தைவிட இதுவே மேல். சிரமம் எதிரணி ரசிகருக்கு. இரண்டாம் லெக் முடிந்து இறுதிக்கு இருந்தது ஐந்தாறு நாள்தான். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். தட்கல் முந்தைய நாள் காலைதான் திறக்கும், ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. முதல் லெக்கில் உங்கள் அணி முன்னணி பெற்றாலே, பிறகு ரத்து செய்ய வேண்டி வந்தாலும் சரியென்று சாதாரண முன்பதிவைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சால்ட் லேக்குக்கு மெட்ரோ நிலையம் வாசலிலேயே இருக்கிறது. ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்கினால் 90 நிமிடத்தில் முடிந்தாலும் 9.20 தாண்டும். கூடுதல் நேரம் என்றால் 10 மணி, பெனால்டியும் பரிசளிப்பும் சேர்ந்தால் 10.30-க்கு மேல். கடைசி மெட்ரோ நேரத்தை உள்ளே போகும் முன்பே பார்த்து வையுங்கள். சால்ட் லேக், கண்டீரவா, ஜாம்ஷெட்பூர் மூன்றிலும் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் கீழ் வரிசையில் இருந்து எதிர்ப்பக்கம் நடப்பது தட்டையாகத்தான் தெரியும். விலை குறைவாக இருந்தாலும் கோலுக்குப் பின்னால் கீழே வாங்க வேண்டாம். நீளப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு அருகே, மேல் வரிசைகளில் வாங்குங்கள். அந்தேரியின் மும்பை ஃபுட்பால் அரீனாவில் ஓடுதளம் இல்லை, அங்கே எந்த இருக்கையும் நல்ல இருக்கை. ஆனால் மொத்தமே 7 ஆயிரம் பேர்தான் கொள்ளும், டிக்கெட் திறந்த அன்றே வாங்கிவிட வேண்டும்.