நாலு சிப் வானியல் கேமரா: சில வருஷம் ஓட்டிய பிறகு

பென்னாகரம் பக்கம் எங்கள் மொட்டை மாடியில் ஓடும் கேமராவில் நாலு சோனி ஐஎம்எக்ஸ்533 சென்சார்கள் (படம் பிடிக்கும் சிப்புகள்), இரண்டுக்கு இரண்டாக ஒரே அலுமினியத் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 3008×3008 பிக்சல். தட்டைச் செய்து கொடுத்தவர் ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் மாமா.

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, சிப்புகளுக்கு நடுவே கருப்புப் பட்டை விழாதா என்றுதான். விழும். படம் விழும் பகுதி 11.3 மி.மீ., நடுவில் சந்து 10 மி.மீ. 500 மி.மீ. குவிய நீளத்தில் டெலஸ்கோப்பை ஒரு டிகிரிக்குச் சற்றே கூட நகர்த்தி, நாலு நிலைகளில் எடுத்தால் சந்து நிரம்பிவிடும். சிலியில் 62 சிப் வைத்து வானத்தை எடுக்கும் டார்க் எனர்ஜி கேமராவிலும் சந்து உண்டு, அவர்களும் நகர்த்தித்தான் எடுக்கிறார்கள். ஆக, இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுப்பது நாலு சிப்பையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவது. எஃப்/5 டெலஸ்கோப்பில் (குவிய நீளம் வாய் அகலத்தைப் போல ஐந்து மடங்கு) படம் கூர்மையாக விழ முன்பின்னாகக் கிடைக்கும் இடம் மொத்தமே 50 மைக்ரான் சொச்சம், தலைமுடித் தடிமன்கூட இல்லை. நாலு சிப்பும் அதற்குள் நிற்க வேண்டும். மாமா தட்டைக் கிரைண்டிங்கில் அருமையாக மட்டம் பிடித்தார், ஆனால் சென்சார் போர்டில் சால்டர் ஆகும்போதே லேசாகச் சாய்ந்துவிடுகிறதே! அதனால் ஒவ்வொரு சிப்புக்கும் அடியில் மூன்று ஸ்க்ரூ. மூலையில் உள்ள நட்சத்திரம் வட்டமாகும் வரை திருகுவதுதான் வேலை. இதற்குப் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அடுத்தது ஈரம். பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) வைத்துக் குளிர்விக்காமல் நம்மூர்க் கோடையில் சரிப்படாது. சுமார் 6 டிகிரி குறைந்தால் வெளிச்சமே இல்லாதபோதும் சென்சாரில் சூட்டால் சேரும் இருட்டு இரைச்சல் பாதியாகிறது. குளிர்ந்த அறைக்குள் துளி ஈரம் இருந்தாலும் சிப் மேல் பனி பூக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி மாற்றுகிறேன். நீல நிறத்தில் வருவதில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் குளோரைடு இருக்கிறது, ஆரஞ்சு வாங்குங்கள்.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் பேட்டரி போதும். ஒரு கிளிக்குக்கு 72 எம்பி சேர்வதால் ஹார்ட் டிஸ்க்தான் சீக்கிரம் நிறையும்.

படம்? ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் வானத்தில் மூன்று டிகிரி நீளம், முழுசாக வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து தெற்கே 30 டிகிரி உயரம் வரை ஏறும்; வட இந்திய நண்பர்களுக்கு அது தாழ்வாகவே தெரிவதால் இதில் பொறாமை. காவலூர் வானியல் ஆய்வகமும் ஏறக்குறைய நம் அட்சரேகையில்தான் இருக்கிறது.

காசு மட்டும் பார்த்தால் பெரிய ஒற்றை சிப் வாங்குவதே புத்திசாலித்தனம், மட்டம் பிடிக்கும் தலைவலியும் கிடையாது. ஆனால் ஒற்றை சிப்பில் ஒரு நேரத்தில் ஒரு ஃபில்டர்தான், அதாவது ஒரு நிறத்தை மட்டும் விடும் ஒரு கண்ணாடிதான். வானத்தைப் படமெடுத்த ஸ்லோன் சர்வே கேமராவில் 30 சிப், ஐந்து ஃபில்டர் இருந்தன. அதே மாதிரி என் நாலு சிப்புக்கும் வேறு வேறு ஃபில்டர் மாட்டியிருக்கிறேன். நகர்த்தும் வேலை கூடியது. பரவாயில்லை, வானம் தெளிந்த தை மாத இரவில் எல்லா நிறமும் ஒரே ராத்திரியில் கைக்கு வந்துவிடுகிறது.