செல்லுலோஸ் இன்சுலேஷன் போடுகிறவர்கள் காலிப் பைகளை எண்ணுங்கள்

நேற்று மாலை ஏணி போட்டு, கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே தலையை நுழைத்துப் பார்த்தேன். இறங்கி வந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கே போட்ட இன்சுலேஷனுக்குக் கொடுத்தது என் 6 மாதச் சம்பளம். இன்னும் கை நடுங்குகிறது.

பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பிடிக்காமலிருக்க போராக்ஸ், போரிக் அமிலம் (இரண்டும் போரேட் வகை) கலந்து செய்யும் பஞ்சுதான் செல்லுலோஸ் இன்சுலேஷன். கூரைச் சூடு வீட்டுக்குள் இறங்காமல் தடுக்கப் போடுவது. எடையில் 80 சதவீதம் போல மறுசுழற்சிக் காகிதம்தான். மண்ணுக்குப் பாரமில்லாத வீடாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தேன். பொருள் மேல் இன்றும் எனக்குக் குறையில்லை. போட்டவர்கள்தான் ஏமாற்றினார்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளம் வழியாக அந்த ஒப்பந்தக்காரர் வந்தார். ஒரு பிடி பஞ்சை உள்ளங்கையில் வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து, கேஸ் டார்ச்சால் சுட்டார். நாணயம் சிவக்கச் சிவக்கப் பழுத்தது. அவர் கை அசையவில்லை. "அடியில தொட்டுப் பாருங்க சார்" என்றார். தொட்டேன், சூடே இல்லை. அந்த நொடியில் நம்பி, முழுப் பணத்தையும் அன்றே கட்டிவிட்டேன். சுடாதது பஞ்சின் குணம். அதை அந்த ஆளின் குணமாக எடுத்துக்கொண்டது என் தப்பு.

இந்தப் பஞ்சை இயந்திரத்தில் காற்றோடு கலந்து குழாயால் ஊதுவார்கள். காற்றைக் கூட்டி வைத்தால் கொஞ்சம் பஞ்சே உப்பிப் பெரிதாக நிற்கும். அளவுகோலில் 30 செ.மீ. தொட்டதும் படம் எடுத்துக் காட்டினார்கள். 4 மாதம்தான் ஆகிறது, இப்போது 16 செ.மீ.

செல்லுலோஸ் கொஞ்சம் படியும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் ஊதும்போது எவ்வளவு தடிமன், படிந்த பின் எவ்வளவு, இத்தனை பரப்புக்கு எத்தனை பை என்று பையிலேயே அட்டவணை அச்சடித்திருக்கிறார்கள். மூலையில் கிடந்த ஒரு காலிப் பையில் அதைப் படித்தேன். என் கூரைக்கு 38 பை போக வேண்டும், படிந்த பின் 26 செ.மீ. நிற்க வேண்டும். பில்லிலும் 38 என்றே இருக்கிறது. வேலை நடந்த அன்று நான் எடுத்த படத்தில் கிடக்கும் காலிப் பைகளை நான்கு முறை எண்ணினேன். 22. போரேட் மட்டும்தான் என்று சொன்னார்களே, பையில் அம்மோனியம் சல்பேட் என்ற இன்னொரு தீத்தடுப்பு உப்பும் போட்டிருக்கிறது. ஈரம் பட்டால் அது உலோகத்தை அரிக்கும்.

போன் செய்தேன். "படியத்தான் செய்யும் சார்." மறுபடி செய்தேன். "உங்க கூரை ஒழுகியிருக்கும்." ஒழுகவே இல்லை. அப்புறம் போனை எடுக்கவே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், "வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள்" என்று புகாரை மூடிவிட்டார்கள். திறந்தேன், இரண்டு மணி நேரத்தில் மறுபடி மூடினார்கள். 6 மாதச் சம்பளத்துக்கு ஒரு வரி பதில்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஒப்பந்தத்தில் ஊதும் தடிமனை மட்டும் எழுதி முடிக்க விடாதீர்கள், பை எண்ணிக்கையும் படிந்த பின் தடிமனும் இருக்கட்டும். காலிப் பைகளை அவர்கள் எடுத்துப் போகும் முன் எண்ணுங்கள். சுவரில் ஈரமாகத் தெளித்தால், காயும் முன் பலகை அடித்து மூட விடாதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். மேலே ஏறிப் பார்க்காமல் "வேலை முடிந்தது" என்ற பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள்.