குன்னூர் மழைக்கு வீட்டிலேயே கலக்கும் ரூம் ஸ்பிரே

ரூம் ஸ்பிரேயை வீட்டிலேயே கலந்து பயன்படுத்த ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஐப்பசியில் ஒரு பாட்டில் கலந்தால் தை வரை அவ்வப்போது நிரப்பி ஓட்டுவேன். கடையில் விற்கும் டப்பாக்களைக் கிட்டத்தட்ட விட்டாயிற்று. இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, தொடரவும் போகிறேன். ஆனால் 'இலையுதிர்கால வாசனை' என்று பரவலாகச் சுற்றும் செய்முறையை அப்படியே எடுத்துச் செய்தால் மலைவீட்டில் எடுபடாது.

அந்தச் செய்முறைகள் எல்லாமே பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஆரஞ்சு, வெனிலா என்றுதான் போகும். அடுப்பில் ஆப்பிளும் பூசணியும் வேகிற குளிர்நாட்டுச் சமையலறையின் மணம் அது. வெளியே குளிர்ந்தாலும் ஹீட்டர் ஓடி ஓடி அந்த வீடுகள் உள்ளே உலர்ந்து கிடக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி காயாது, கம்பளி கனக்கும், அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். இதற்கு மேல் பட்டை, வெனிலா என்று இனிப்பு மணத்தைத் தெளித்தால் ஈரச் சாக்கில் கேக்கைச் சுற்றி வைத்த மாதிரி இருக்கிறது.

வாசனை எண்ணெய்களுக்குப் போவதற்கு முன்னால், அவற்றை எதில் கலக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தண்ணீரில் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும் என்பார்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஆரஞ்சுத் தைலத்தையும் கிராம்புத் தைலத்தையும் விட்டு ஐந்து நிமிடம் சும்மா வைத்துப் பாருங்கள். ஆரஞ்சு மேலே வந்து மெல்லிய ஏடாகப் படரும். கிராம்பு தண்ணீரைவிடக் கனமானது, மணிமணியாக அடியில் போய் உட்காரும். ஸ்பிரேயின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. அதனால் முதல் நாலைந்து அழுத்தலுக்கு அறை முழுக்க கிராம்பு நெடி, நடுவில் வெறும் தண்ணீர், பாட்டில் தீரும்போது ஆரஞ்சு மட்டும். ஒவ்வொரு முறையும் பலமாகக் குலுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம், அவ்வளவுதான். மேல் வீட்டு அக்கா அப்படித்தான் கலந்து வைத்திருந்தார். தெளித்த அன்று அவருடைய மாமியார் கேட்டாராம், "ஏன் கண்ணு, யாருக்குப் பல்வலி?" கிராம்புத் தைலத்தில் பெரும்பங்கு யூஜெனால் என்ற பொருள். பல் டாக்டரின் அறையில் மணப்பதும் அதேதான், அந்தப் பெரியம்மா கேட்டதில் தப்பே இல்லை.

எண்ணெயைக் கரைக்க ஆல்கஹால் வேண்டும். வோட்காவில் கலக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய. நம் ஊரில் கிடைக்கும் வோட்கா 42.8 சதவீதம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ஆரஞ்சு மாதிரியான எண்ணெய்கள் அதில் சரியாகக் கரையாது. போதாக்குறைக்கு ரூம் ஸ்பிரேக்காக டாஸ்மாக் வரிசையில் நின்றேன் என்றால் யார் நம்புவார்கள்? மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம். நான் அதைத்தான் வாங்குகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீதமும் ஆகும், ஆனால் கடைசியில் சேர்க்கும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரே குறை, தெளித்ததும் கொரோனா காலத்து சானிடைசர் நெடி சில நொடிகள் வரும். அப்புறம் போய்விடும். அந்த நெடியே பிடிக்காதவர்களுக்கு, எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவைக்கும் பாலிசார்பேட் 20 என்ற திரவம் இருக்கிறது. சோப்பு செய்யும் பொருட்கள் விற்பவர்களிடம் கிடைக்கும். எண்ணெய்க்கு நாலு மடங்காவது அதைச் சேர்த்துக் கலந்த பிறகு தண்ணீர் விட்டால் தெளிவாகவே நிற்கும். ஆனால் தெளித்த இடத்தில் லேசான பிசுக்கு இருக்கும், ஆல்கஹால் இல்லாத அந்தத் தண்ணீரில் கிருமியும் வளரும். இந்த ஈரத்துக்கு எனக்கு அது சரிப்படவில்லை.

கலக்கும் வரிசை முக்கியம். எண்ணெய்களை முதலில் ஆல்கஹாலில் விட்டு ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். தண்ணீர் கடைசியில்தான். அதுவும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பாட்டில் பழுப்புக் கண்ணாடியில் இருந்தால் நல்லது, வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும். ஆரஞ்சு எண்ணெயில் இருக்கும் லிமோனீன் தெர்மாகோலையே கரைத்துவிடும் என்பதால், மெலிதான பிளாஸ்டிக் பாட்டிலை நான் நம்புவதில்லை.

சரி, எண்ணெய்கள்.

நீலகிரியில் இருந்துகொண்டு தைலத்தில் தொடங்காமல் முடியுமா? கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை வேகவைத்து ஆவியில் இறக்கும் தைலம் இங்கே எந்தத் தெருவிலும் கிடைக்கும், எல்லாவற்றிலும் விலை குறைந்ததும் அதுதான். ஆனால் மலைக்காரர்களுக்கு அது சளி மருந்தின் வாசனை. அறையில் தூக்கலாகத் தெளித்தால் உள்ளே வருகிறவர்கள் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பார்கள். சமவெளியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மட்டும் "ஆகா, ஊட்டி வாசனை" என்று மூச்சை இழுத்துக்கொள்வார்கள். 100 மில்லிக்கு நாலு சொட்டுக்கு மேல் நான் விடுவதில்லை. அந்த அளவில் தைலம் தனியாகத் தெரியாது, கலவைக்கு ஒரு சுத்தமான குளிர்ச்சி மட்டும் வரும். தைலத்தில் கலப்படம் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டால், நல்ல தைலம் தடமே இல்லாமல் பறந்துவிடும். எண்ணெய்க் கறை நின்றால் ஏதோ சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சோதனையை வெட்டிவேர் எண்ணெய்க்குச் செய்யாதீர்கள், சுத்தமானதும் கறை விடும்.

தைலக் கடைகளில் அதற்குப் பக்கத்திலேயே நிற்பது விண்டர்கிரீன். மூட்டுவலிக்குத் தேய்ப்பது. அதில் பெரும்பாலும் மீத்தைல் சாலிசிலேட், வலி நிவாரண களிம்பின் அதே மணம். ஸ்பிரேக்கு வேண்டவே வேண்டாம். கொஞ்சம் வாயில் போனாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்பதால், எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் பரணுக்குப் போய்விட்டது.

பட்டை எண்ணெய் என்று விலை மலிவாகத் தருவது பெரும்பாலும் பட்டை மரத்து இலையிலிருந்து எடுத்தது. அதிலும் முக்கால்வாசி யூஜெனால்தான். அதையும் கிராம்பையும் சேர்த்தால் பல் டாக்டர் வாடை இரட்டிப்பாகும். உண்மையான பட்டை மணம் மரப்பட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் இருக்கிறது. விலை அதிகம், தோலில் பட்டால் எரியும். நான் பட்டையை விட்டுவிட்டேன், கிராம்பு மட்டும் மூன்றே சொட்டு. பர்லியார் பக்கம் போகும்போது வாங்கி வரும் கிராம்பும் ஜாதிக்காயும் சமையலுக்குத்தான் லாயக்கு. வீட்டில் ஆல்கஹாலில் ஊறப்போட்டால் நிறம் இறங்கும் அளவுக்கு மணம் இறங்குவதில்லை, திரைச்சீலையில் பழுப்புப் புள்ளி விழுவதுதான் மிச்சம்.

அன்னாசிப்பூ எண்ணெய் இந்தக் குளிருக்கு ஒரு வேடிக்கை. நவம்பர் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. தேங்காய் எண்ணெயைப் போல வெள்ளையாக உறைந்திருக்கும். அதிலுள்ள அனித்தோல் இருபது டிகிரி சுற்றிலேயே கட்டியாகத் தொடங்கிவிடும். எண்ணெய் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். மணம் நன்றாக இருந்தாலும் காலையில் அதற்கென்று வெந்நீர் வைக்கும் பொறுமை எனக்கு இல்லை.

இந்த மழைக்கு நிஜமாகவே பொருந்தியது வெட்டிவேர். கோடையில் பானைத் தண்ணீரில் போடும் வேருக்கு மழைக்காலத்தில் என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றும். வெளியே நனைந்த மண்ணும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் வாட்டிய இலை மணமும் இருக்கும்போது, உள்ளே வெட்டிவேர் அதனோடு சண்டை போடுவதில்லை. கனமான எண்ணெய், மெதுவாகத்தான் ஆவியாகும். ஆரஞ்சும் தைலமும் பறந்துபோன பிறகும் திரைச்சீலையில் மறுநாள் காலை வரை நிற்பது இதுதான். விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் எட்டுச் சொட்டில் காரியம் முடிந்துவிடுகிறது. கூட எலுமிச்சைப்புல் எட்டு, ஆரஞ்சு பத்து. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளையும் ஜெரேனியம் கிடைத்தால் எலுமிச்சைப்புல்லில் பாதியைக் குறைத்து அதைச் சேர்ப்பேன், ரோஜா சாயல் வரும்.

வெனிலாவுக்கு மாற்றாக நான் பிடித்தது மெடிக்கல் ஷாப்பில் விற்கும் டிங்சர் பென்சாயின். சாம்பிராணியை ஆல்கஹாலில் கரைத்ததுதான். தூபத்தில் வரும் புகை நெடி இதில் கிடையாது, இனிப்பாக வெனிலாவுக்குப் பக்கத்தில் மணக்கும். மற்ற மணங்களைக் கொஞ்ச நேரம் பிடித்தும் வைக்கும். பத்துச் சொட்டு போதும். தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுத்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் பிசின் மெல்ல மெல்ல ஸ்பிரே மூக்கை அடைக்கும். அதனால் மாதம் ஒருமுறை மூக்கைக் கழற்றி வெறும் ஆல்கஹாலில் ஊறவைத்து நாலு முறை அழுத்திவிடுகிறேன். வெள்ளைத் துணியில் தெளிக்கும் வீட்டில் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஆக 100 மில்லி பாட்டிலுக்கு ஆல்கஹால் 50 மில்லி, மேலே சொன்ன எண்ணெய்களும் டிங்சரும், மீதி தண்ணீர். எண்ணெய் மட்டும் முப்பத்துமூன்று சொட்டு, இருபது சொட்டு சுமார் ஒரு மில்லி என்று வைத்தால் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. கலவை கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், தெளிக்கும் முன் ஒரு குலுக்கு.

குளிரில் இன்னொரு விஷயம், எண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது. அறை நடுவில் காற்றில் தெளித்தால் பாதி தரையில் விழுந்து மணம் தெரியாமலே போகும். கனமான திரைச்சீலை, கம்பளத்தின் ஓரம், மிதியடி என்று துணியில் தெளித்தால்தான் பலன். அறைக்கு ஐந்தாறு அழுத்தல் போதும். மரச்சாமான் பக்கம் மட்டும் போகாதீர்கள். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் மேஜை, அலமாரிக்கு அரக்குப் பாலிஷ்தான் போட்டிருப்பார்கள், அது ஆல்கஹாலில் கரையும். எங்கள் ஈட்டி மர மேஜையில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. விருந்துக்கு வந்த ஒரு சித்தப்பா ஆர்வமாக உதவி செய்த கைங்கரியம்.

தீ பக்கத்தில் இருக்கும்போது ஸ்பிரேயைத் தொடவே கூடாது. கணப்பு எரியும்போது, கரியடுப்பு வைத்திருக்கும்போது, விளக்கேற்றிய பூஜை அறையில், கேஸ் அடுப்பருகில் எங்கேயும் வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த எண்ணெய்களிலுள்ள பல பொருட்களைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. பூனை படுக்கும் மெத்தையிலும் அது நக்கக்கூடிய துணியிலும் தெளிக்க வேண்டாம். கைக்குழந்தை உள்ள அறையில் நான் தெளிப்பதே இல்லை. ஆஸ்துமாக்காரர் வந்தால் பாட்டில் அலமாரிக்குள் போய்விடும்.

பூஞ்சை வாடைக்கு இது மருந்து கிடையாது. வாடைக்கு மேலே தெளித்தால் அரை மணி நேரத்தில் இரண்டும் கலந்து, முதலில் இருந்ததைவிட மோசமாக வரும். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு, மெத்தையை வெளியே எடுத்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பூஞ்சை பிடித்த இடத்தைத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் ஸ்பிரேக்கு வேலை. அப்படிச் செய்த அறையில் ஐந்தாறு அழுத்தல் அழகாக நிற்கிறது. செய்யாத அறையில் முழு பாட்டிலும் வீண்.

ஆரஞ்சு எண்ணெயைத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்துச் சில மாதங்களில் தீர்த்துவிடுங்கள், பழசானால் டர்பன்டைன் நெடி வரும். வெட்டிவேருக்கு அந்தக் கவலை இல்லை. கலந்த ஸ்பிரேயை இரண்டு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. தை பிறந்து பனி வெயில் அடிக்கத் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும், பாட்டிலில் மிச்சம் இருப்பது செருப்பு அலமாரிக்குப் போய்விடும்.