கான்கிரீட் வாய்க்காலா, மண் வாய்க்காலா? கொங்கு எம்எல்ஏ யார் பக்கம் நிற்பது?

கீழ்பவானி வாய்க்கால் விஷயத்தில் நீங்கள் யார் பக்கம் என்று பெருந்துறையிலோ காங்கயத்திலோ ஒரு எம்எல்ஏவைக் கேட்டுப் பாருங்கள். "எப்பவும் விவசாயிகள் பக்கந்தானுங்க" என்று சட்டென்று பதில் வரும். சிக்கல் என்னவென்றால், அங்கே இரண்டு பக்கமும் விவசாயிகள்தான். ஆதரவுக் கூட்டத்திலும் பச்சைத் துண்டு, எதிர்ப்புக் கூட்டத்திலும் பச்சைத் துண்டு.

முற்போக்கு என்று சொல்லிக்கொள்ளும் அரசியல்வாதிக்கு வழக்கமாக ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் பெருமுதலாளி, மறுபக்கம் ஏழை என்று பிரித்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும். கொங்கில் சட்டமன்றம் வரை போகிற விவகாரங்களில் அந்தக் கோடு அவ்வளவு நேராக விழுவதில்லை. வாய்க்கால், சாயக்கழிவு, மின்கோபுரம் மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மோதிக்கொள்ளும் யோசனைகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். வாய்க்காலுக்கு இங்கே அதிக இடம். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. "டெல்லி விடமாட்டேங்குதுங்க" என்று கையை விரிக்க அங்கே வழியில்லை.

கீழ்பவானி: 709 கோடி ரூபாய் கேள்வி

பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. அதற்காக அரசிடம் விடாமல் வாதாடிய தியாகி எம்.ஏ.ஈஸ்வரனும் ஈரோட்டு எம்எல்ஏதான். அணையிலிருந்து கிளம்பும் வாய்க்கால் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தைத் தொடும் வரை சுமார் 200 கிலோமீட்டர். பாசனம் 2,07,000 ஏக்கர். முழுக்க மண் வாய்க்காலாக வெட்டப்பட்டது. இதைக் கான்கிரீட் போட்டுச் சீரமைக்க 709 கோடி ரூபாயில் அரசு திட்டம் போட்டதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், வேலையை நடத்தச் சொல்லி 2023ல் உத்தரவு வந்தது. அதே ஆண்டு பெருந்துறையில் எதிர்ப்பாளர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

கான்கிரீட் வேண்டும் என்பவர்களின் வாதம் எளிமையானது. வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை. வருகிற தண்ணீரில் பெரும்பங்கு வழியிலேயே மண் குடித்துவிடுகிறது. கரை பழசாகிவிட்டது, உடைப்பு எடுத்தால் அணையை மூடி, மண் மூட்டை அடுக்கி, மறுபடி திறப்பதற்குள் பயிர் வாடிவிடுகிறது. ஆயக்கட்டுதாரருக்கு, அதாவது வாய்க்கால் பாசன உரிமை உள்ள நிலக்காரருக்கு, சேரவேண்டிய தண்ணீர் ஆயக்கட்டுக்கு வரட்டும் என்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைமடைக்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தால் யாருக்கும் கான்கிரீட் பக்கம்தான் சாயத் தோன்றும்.

மண் வாய்க்கால்காரர்கள் சொல்வது கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டிய கதை. கசிவுநீர் வீண் இல்லை என்கிறார்கள். வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் இருக்கிற கிணறுகளும் ஓடைகளும் அந்தக் கசிவில்தான் நிரம்புகின்றன. ஓடத்துறை ஏரி போன்ற குளங்களும் கசிவுநீரை நம்பியவை. பல ஊர்களின் குடிநீர்க் கிணறும் அதே கணக்கில் வருகிறது. இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில்: "கசிவுத் தண்ணிக்கு உரிமை ஆயக்கட்டுக்காரனுக்கா, வெளியில இருக்கறவனுக்கா?" கூட்டத்தில் கைத்தட்டல் வாங்கும் கேள்வி. ஆனால் இந்த வாய்க்காலின் முறையைத் தெரிந்தவர்கள் அங்கேயே நின்றுவிட மாட்டார்கள்.

கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டாகப் பிரித்துத்தான் தண்ணீர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15லிருந்து நஞ்சைக்குத் தண்ணீர். மறுபாதிக்கு ஜனவரி வாக்கில் புஞ்சைக்கு, விட்டுவிட்டு, நனைப்புக் கணக்கில். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார்கள். அதாவது எந்தத் தோட்டத்துக்கும் வருஷத்தில் ஒரு போகம்தான் வாய்க்கால் தண்ணீர். ஆனால் ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனியில் நட்டால் வெட்ட மாசி ஆகிவிடும், ஒன்பது பத்து மாதப் பயிர். மதகு மூடியிருக்கும் மாதங்களில் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து? கிணற்றிலிருந்து. கிணற்றுக்கு எங்கிருந்து? பக்கத்து மதகுக்காரருக்குப் போகிற வாய்க்காலின் கசிவிலிருந்து. தென்னைக்கும் இதே கதைதான். ஆக, கசிவுநீரை நம்பி இருப்பவர் ஆயக்கட்டுக்கு வெளியே இருக்கும் யாரோ அல்ல. மஞ்சளும் தென்னையும் வைத்த ஆயக்கட்டுதாரரே. மதகு மூடியிருக்கும் மாதங்களில் அவர் கசிவுநீர்ப் பாசனக்காரர். இந்த இடத்தில்தான் எனக்கு மண் வாய்க்கால் பக்கத்து வாதம் கனமாகத் தெரிகிறது.

இன்னொன்று. கடைமடை காய்வதற்குக் கசிவு மட்டுமா காரணம்? தலைமடையில் வாய்க்கால் ஓரமாகக் கிணறு வெட்டி, குழாய் போட்டுப் பல கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் உண்டு. புஞ்சைத் தண்ணீரில் நெல்லும் வாழையும் வைக்கிறவர்கள் உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேடையில் யாரும் பேசாத கதை. பேசினால் ஓட்டுப் போகும். கான்கிரீட் போட்டால் மண் குடிப்பது நிற்கும், மோட்டார் குடிப்பது நிற்காது.

பொறியியலையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். வாய்க்காலை மூடிய பிறகு, மேட்டுப்புறம் மண்ணில் நிற்கிற ஊற்றுநீர் கான்கிரீட் பலகையைப் பின்னாலிருந்து தள்ளும். வடிதுளை சரியாக விடாவிட்டால் பலகை வெடித்து எழும்பும். அப்புறம் அதற்கு ஒரு மராமத்து டெண்டர். வழவழப்பான சரிவில் விழுந்த ஆடு மாடு மட்டுமல்ல, மனுஷனும் ஏறிவருவது சிரமம். கரையில் இருக்கிற மரங்களின் கதி தனி.

சரி, அப்படியே விட்டுவிடலாமா என்றால் அதுவும் இல்லை. மண் போட்டு உயர்த்திக் கட்டிய கரைகள், ஓடையைத் தாண்டுகிற பாலங்கள், பழைய மதகுகள், இவைதான் உடைப்புக்கு வழிவிடும் இடங்கள். அங்கே மட்டும் கான்கிரீட், மற்ற இடத்தில் மண்ணாலேயே கரையைப் பலப்படுத்துவது என்பது மூன்றாவது வழி. அதோடு ஒவ்வொரு மதகிலும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தினம் அளந்து, அதைப் பொதுவில் போடவேண்டும். தலைமடை எடுத்தது எவ்வளவு, கடைமடைக்குப் போனது எவ்வளவு என்று தெரிந்தால்தான் கசிவு பற்றிய சண்டைக்கே அர்த்தம் வரும். எம்எல்ஏ என்னிடம் கேட்டால் இந்த மூன்றாவது வழிக்குத்தான் கை தூக்குவேன். இதில் இரண்டு பக்கமும் அவரைக் கொஞ்சம் திட்டும், தலைமடைக்காரர்கள் நிறையவே திட்டுவார்கள்.

திருப்பூர்ச் சாயம்: இங்கேயே சுத்திகரிப்பதா, கடலுக்கு அனுப்புவதா?

இதில் நீண்ட அலசல் தேவையில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற முறைக்கு ஆலைகள் மாறின. தண்ணீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, மீதியைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரித்து எடுக்கவேண்டும். கரண்டும் விறகும் எக்கச்சக்கமாகக் குடிக்கிற வேலை. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வேறு மாநிலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லாமல் சாயம் போடுகிறவனோடு எப்படிப் போட்டி போடுவது என்று ஆலைக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்டதுதான் குழாய் போட்டுக் கடலில் விடுவது. நொய்யல் ஆற்றங்கரை விவசாயி தலையிலிருந்து இறக்கி மீனவர் தலையில் வைக்கிற யோசனை. நொய்யலின் குறுக்கே 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகி, "அணையைத் திறக்காதீங்க சாமி" என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலை வந்ததைப் பார்த்த ஊர் இது. அதையே கடற்கரைக்காரருக்குச் செய்யச் சொல்லி ஒரு முற்போக்கு எம்எல்ஏ சட்டமன்றத்தில் எழுந்து பேச முடியாது, பேசவும் கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் முதலீட்டில் அரசு தோள் கொடுக்கட்டும், முன்பு வட்டியில்லாக் கடன் கொடுத்ததுபோல. ஓட்டுகிற செலவு துணியின் விலையில் ஏறட்டும். ராத்திரியில் சாக்கடையில் திறந்துவிடுகிற பட்டன், ஜிப் டையிங் பட்டறைகள் மேல் கைவைப்பதுதான் உண்மையான சோதனை. அவை பெரும்பாலும் சின்னப் பட்டறைகள், வேலை செய்பவர்களும் சின்ன ஆட்கள். சின்னவன் என்பதால் ஆறு மன்னித்துவிடாது.

மின்கோபுரம்: வயலுக்கு மேலேயா, ரோட்டோரம் மண்ணுக்கடியிலா?

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் பாதை, புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் பாதை. இந்தக் கோபுரங்கள் தோட்டம் தோட்டமாக நட்டு வந்தபோது, 2018 கடைசியில் கொங்கு மாவட்டங்கள் கொதித்தன. கோரிக்கை ஒன்றுதான்: நெடுஞ்சாலை ஓரமாக கேபிளாகப் புதைத்துக் கொண்டுபோ.

"கேரளாவுல புதைக்கறீங்க, எங்க காட்டுல மட்டும் கோபுரமா?" என்று கேட்டார்கள். பொய் இல்லை. அதே திருச்சூர்ப் பாதை கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் நிலத்தடி கேபிளாகவே போகிறது. இங்கே முழுக்க மேலே.

ஆனால் எல்லாப் பாதையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. திருச்சூர்ப் பாதை நேர்மின்சாரம். அந்த அழுத்தத்தில் கேபிள் நடக்கிற காரியம் என்று கேரளத்தில் காட்டிவிட்டார்கள். 800 கிலோவோல்ட் பாதையும் நேர்மின்சாரம்தான், ஆனால் அழுத்தம் மிக அதிகம். அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் புதைப்பது நடைமுறையில் ஆகாத காரியம். மாறுமின்சாரம் என்றால் நீளம் கூடக்கூட கேபிளே கரண்டின் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மாறுமின் பாதையை அடையாளம் காண, ராத்திரியில் கம்பிக்கு அடியில் நின்று ட்யூப் லைட்டைக் கையில் பிடித்தால் மங்கலாக எரியும். அந்த மாறுமின் பாதையைத்தான் நீளமாகப் புதைப்பது கடினம். "எல்லாத்தையும் புதை" என்று மேடையில் பேசும் எம்எல்ஏ, புதைக்க முடிந்ததையும் சேர்த்துத் தோற்கடிக்கிறார்.

சட்டத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மின்பாதைக்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் போதும், நிலக்காரர் சம்மதம் கேட்கவேண்டியதில்லை. நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், ஆனால் வாங்க ஆள் வராது. மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாயை நெடுஞ்சாலை ஓரமாகப் போடச் சொல்லி 2013ல் ஜெயலலிதா அரசு எடுத்த முடிவு 2016ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதனால் மத்திய அரசின் பாதைகளில் எம்எல்ஏவின் பேச்சுக்கு எல்லை உண்டு.

இழப்பீட்டில் அப்படி இல்லை. 2015ல் மத்திய மின் அமைச்சகம் சொன்னது கோபுர அடிக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 சதவீதம். 2024ல் அதையே 200, 30 என்று உயர்த்தியது. வழிகாட்டல்தான், ஏற்பது மாநிலத்தின் பொறுப்பு. இதற்கு எதிரில் விவசாயிகள் வைக்கிற யோசனை வாடகை: செல்போன் கோபுரத்துக்குக் கொடுக்கிறதுபோல கோபுரம் நிற்கிறவரை மாதாமாதம் கொடு. ஒருதடவைப் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்துவிடும், வாடகை பேரன்வரை வரும். எனக்கு வாடகைதான் சரியாகப் படுகிறது.

டெல்லியைக் கேட்காமலே தொடங்க ஓர் இடமும் இருக்கிறது. மின்பாதை போடும் டான்டிரான்ஸ்கோ மாநில அரசின் சொந்த நிறுவனம். சென்னை நகருக்குள் அதன் 230 கிலோவோல்ட் கேபிள்கள் மண்ணுக்கடியில்தான் போகின்றன. கொங்கில் அடுத்த துணை மின்நிலையத்துக்குப் பாதை குறிக்கும் முன் வரைபடத்தைக் கிராம சபையில் வைக்கவேண்டும், குறுகிய தூரமாக இருந்தால் ரோட்டோரக் கேபிளுக்கு என்ன செலவு என்பதையும் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்று மின்துறை மானியக் கோரிக்கையின்போது ஒரு எம்எல்ஏ எழுந்து கேட்கலாம்.