1922: தெற்கு ரொடீசியாவின் முன்னிருந்த இரண்டு வழிகள்

1890 முதல் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் கையில் இருந்த நாடு இது; இன்றைய ஜிம்பாப்வே. கம்பெனி ஆட்சிக்குப் பிறகு என்ன? தென்னாப்பிரிக்க ஒன்றியத்தில் சேருவதா, தனி சுயாட்சியா? 1922 அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது.

ஆதரவு
ஒன்றியம்: தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், கம்பெனி, பெரிய சுரங்க முதலாளிகள். 5,989 வாக்கு.
சுயாட்சி: சார்ல்ஸ் கோக்லன் தலைமையில் குடியேறிகள். 8,774 வாக்கு.

பயம்
ஒன்றியம்: டச்சு வழி வெள்ளையரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழி மேலோங்கும், அங்கிருந்து ஏழை வெள்ளையர் வந்து குவிவார்கள்.
சுயாட்சி: சின்ன நாடு, கஜானா தாங்குமா?

கறுப்பின மக்களுக்கு
ஒன்றியம்: பெரும்பாலான இடங்களில் கறுப்பினத்தவர் நிலம் வாங்குவதைத் தடுத்த 1913 நிலச் சட்டம் ஏற்கெனவே அங்கே அமலில் இருந்தது.
சுயாட்சி: பாரபட்சச் சட்டங்களைத் தடுக்கும் உரிமை லண்டனுக்கு உண்டு, காகிதத்தில். 1930 நிலப் பங்கீட்டுச் சட்டம் சுமார் 4.9 கோடி ஏக்கரை வெள்ளையருக்கு ஒதுக்கியபோது லண்டன் தடுக்கவில்லை.

என்னை உறுத்துவது வாக்குரிமைதான். வருமானமோ சொத்தோ இருந்தால் மட்டும் போதாது; ஒருவர் சொல்லச் சொல்ல 50 ஆங்கிலச் சொற்களை எழுதிக் காட்ட வேண்டும். ஷோனாவும் இண்டெபெலேயும் பேசிய பெரும்பான்மையினர் இப்படித்தான் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

சுரங்க முதலாளிக்கு ஒன்றியம் பொருந்தியது. வெள்ளை விவசாயிக்கும் அரசு ஊழியருக்கும் சுயாட்சி. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை; அவர்கள் விடுதலை நாளான 1980 ஏப்ரல் 18 வரை காத்திருந்தார்கள், நடுவே ஒரு நீண்ட போரோடு.