டிஷ் கம்பி நேராக லேப்டாப்புக்கா, பாக்ஸ் வழியாகவா?

போன வருடம் சம்பா நடவு நேரத்தில் எங்கள் வீட்டு டிவி படுத்துவிட்டது. அப்பாவுக்கு நாடகம், சினிமா எதுவும் வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, புயல் சின்னம் எங்கே இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் ஒன்று பீரோ மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. 2011-ல் தொடங்கிய அந்த இலவசத் திட்டத்தில் வந்ததுதான். அதையே டிவியாகவும் ரேடியோவாகவும் ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு சின்ன டிவி வாங்கிப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அம்மா அதை இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. ஊரைச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே எது எடுபடும், எது எடுபடாது என்பதைக் கடையில் கிடைக்கும் கருவியைவிட ஊர்தான் தீர்மானிக்கிறது.

முதலில், யோசிக்கவே வேண்டாத இரண்டு. பழைய யு.எஸ்.பி. டிவி ட்யூனர்கள் பழைய சாமான் கடைகளில் இன்னும் சல்லிசாகக் கிடைக்கின்றன. வாங்காதீர்கள். அவை அனலாக் காலத்துக் கருவிகள். கேபிள் டிஜிட்டலாகி, செட்டாப் பாக்ஸ் இல்லாமல் படம் வராது என்று ஆன பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பும் அநேகமாக எல்லா இடத்திலும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கியது. சென்னை எங்கே, நாங்கள் எங்கே. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு எங்கள் கடலோரத்தில் மூங்கில் மேல் மூங்கில் கட்டி ஆன்டெனாவைத் தெற்கே திருப்பிக் கிரிக்கெட் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கம்பங்கள் இப்போது கொடிமுல்லைக்குப் பந்தல்கால்.

இரண்டாவது, இன்டர்நெட். ஆப்பைப் போட்டால் எல்லாம் வருகிறது, உண்மைதான். ஆனால் மழையும் மின்வெட்டும் சேர்ந்து வரும் நாளில் எங்கள் பக்கம் செல்போன் சிக்னல்தான் முதலில் போகிறது. அப்பாவுக்குச் செய்தி வேண்டியதும் சரியாக அந்த நாளில்தான்.

ஆகவே எனக்கு மிஞ்சியது டிஷ். மாதச் சந்தா இல்லாத, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டெல்டாவிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, வானத்தில் ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பதால் தென்னை மறைக்கும் தொல்லை குறைவு. மட்டை விழும் தொல்லை வேறு கதை. தனியார் தமிழ் சேனல்களை எதிர்பார்த்து இதற்கு வராதீர்கள். டிடி பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனதே, அதுதான் எங்கள் வீட்டின் முக்கிய சேனல். ஆகாசவாணியின் ரேடியோ சேனல்களும் இதே டிஷ்ஷில் வருகின்றன.

இந்த டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியை லேப்டாப்பில் எப்படிச் சேர்ப்பது? போட்டியே இங்கேதான். ஒன்று, செயற்கைக்கோள் சிக்னலை நேராக வாங்கும் யு.எஸ்.பி. பெட்டி, அதாவது டிவிபி-எஸ்2 ட்யூனர். இன்னொன்று, கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண ஃப்ரீ டிஷ் செட்டாப் பாக்ஸை வைத்து, அதன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை படத்தையும் ஒலியையும் லேப்டாப்புக்குள் வாங்கும் கேப்சர் ஸ்டிக் வழியாக லேப்டாப்பில் செருகுவது. நான் இரண்டையும் வைத்துப் பார்த்தவன். இப்போது இருப்பது இரண்டாவது. அந்தப் பக்கம்தான் சாய்வேன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

யு.எஸ்.பி. பெட்டி என் சித்தப்பா மகனுடையது. சென்னையிலிருந்து கொண்டுவந்து ஒரு மழைக்காலம் முழுக்க என்னிடம் விட்டு வைத்திருந்தான். அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்னல் டிஜிட்டலாகவே வந்து டிஜிட்டலாகவே டிஸ்க்கில் விழுகிறது, எங்கேயும் மாற்றம் இல்லை. பதிவு செய்தால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளின் ஒரே அலைவரிசைக் கட்டில் வரும் சேனல்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். நிகழ்ச்சிப் பட்டியலும் வரும். செட்டாப் பாக்ஸ் வழியில் இது எதுவும் கிடையாது. பாக்ஸ் படத்தை அனலாக்காக்கி வெளியே தள்ளுகிறது, ஸ்டிக் அதை மறுபடி டிஜிட்டலாக்குகிறது. 720-க்கு 576 புள்ளிகள், அவ்வளவுதான். எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் கரைந்திருக்கும். ஆள் வேகமாக நகர்ந்தால் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். வீடியோ பார்க்கும் விஎல்சி மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் அது போய்விடும். ரிமோட்டை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் படம் மாறும். அப்பா முதல் வாரம் ரிமோட்டில் பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தார்.

படத் தரம்தான் உங்களுக்குப் பெரிது என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு யு.எஸ்.பி. பெட்டியை வாங்கிவிடலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பது?

டெல்டாவில் டிஷ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கெடுவது பெரும்பாலும் மாடியில்தான். உப்புக்காற்றில் கம்பி முனையில் திருகும் எஃப் கனெக்டரின் நடுக்கம்பி ஆறே மாதத்தில் பச்சைப் பூத்துவிடும். ஐப்பசி அடைமழையில், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யின் மூடிக்குள் தண்ணீர் இறங்கும். கம்பியின் மேல்தோலை அணில் கடித்தால் அந்த ஓட்டை வழியே உள்ளே போகும் ஈரம் கம்பி நெடுகப் பயணம் செய்து கீழ்முனையில் சொட்டும். நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கனமழை கொட்டும்போது இந்த டிஷ்ஷின் கே.யு. பேண்ட் சிக்னல் கொஞ்ச நேரம் போய்த் திரும்பும், அது இயற்கை, எந்தக் கருவியும் தப்பாது. காற்றில் சட்டி இரண்டு டிகிரி திரும்பினால் மட்டும் யாராவது ஏறியாக வேண்டும்.

இப்போது படம் வரவில்லை என்று வையுங்கள். யு.எஸ்.பி. பெட்டி மாட்டியிருந்தால் கோளாறு எங்கே? டிஷ்ஷிலா, எல்.என்.பி.யிலா, கனெக்டரிலா, பெட்டியின் அடாப்டரிலா, டிரைவரிலா, சாஃப்ட்வேரிலா? அடாப்டர் வேறு ஏன் என்று கேட்கலாம். எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்ப வேண்டும், யு.எஸ்.பி. போர்ட்டின் 5 வோல்ட் அதற்குக் காணாது. அதனால் தனியாக 12 வோல்ட் அடாப்டர். எங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் தவழ்ந்ததால் லினக்ஸ் போட்டிருந்தேன். லினக்ஸின் உள்மையமான கெர்னல் ஒருமுறை அப்டேட் ஆனது, பெட்டி செத்த மாதிரி ஆகிவிட்டது. டிரைவரை மறுபடி கம்பைல் செய்தால்தான் உயிர் வரும் என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்று நாள். அந்த மூன்று நாளும் கோளாறு மாடியில் என்று நம்பி, பாசி வழுக்கும் ஓட்டில் நான் ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் டிஷ் மாட்டும் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்துப் பத்து ஊருக்கும் அவர்தான். வந்து பார்த்துவிட்டு, “தம்பி, பாக்ஸ் எங்க?” என்றார். கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல சிக்னல் கோடு எதுல பாக்குறது?” சாஃப்ட்வேரில் வரும், ஆனால் அந்த சாஃப்ட்வேர்தான் திறக்கவில்லை என்றேன். “அப்ப நான் மேல ஏறி எதைப் பாத்துத் திருப்புறது?” என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். காசு வாங்கவில்லை. அது இன்னும் உறுத்தலாக இருந்தது.

செட்டாப் பாக்ஸ் நடுவே இருந்தால் இந்தக் குழப்பம் பாதியாக வெட்டுப்படுகிறது. பாக்ஸின் மெனுவில் சிக்னல் கோடு இருக்கிறதா? இருந்தால் மாடி சரி, கோளாறு ஸ்டிக்கிலோ லேப்டாப்பிலோ, அது என் பாடு. கோடு இல்லையா, அண்ணன் பாடு. அவர் தன் பையிலிருக்கும் பாக்ஸை மாட்டிப் பார்ப்பார், எல்.என்.பி.யை மாற்றிப் பார்ப்பார், அரை மணியில் முடித்துவிடுவார். எல்லா உதிரியும் பஜாரிலேயே கிடைக்கும். பாக்ஸே போய்விட்டாலும் கடைக்குப் போய் இன்னொன்று. யு.எஸ்.பி. பெட்டி போனால் வரவழைக்க வேண்டும், அதுவும் அதே மாடல் கிடைத்தால்தான் அதே டிரைவர்.

இடி விஷயமும் இதில் சேரும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் தென்னந்தோப்பில் இடி விழுவது எங்களுக்குப் புதிதல்ல. மாடிக் கம்பி நேராக லேப்டாப்போடு பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தூக்கம் வராது. நடுவில் பாக்ஸ் இருந்தால் முதல் அடி அதற்கு என்று ஒரு நினைப்பு. நேரான இடிக்கு அதெல்லாம் தடுப்பாகாது என்பதும் தெரியும். வானம் கறுத்தாலே கம்பியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறோம்.

கேப்சர் ஸ்டிக் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. ஒரே தோற்றத்தில், ஒரே பெயரில், உள்ளே வேறு வேறு சிப்போடு விற்கிறார்கள். எஸ்டிகே1160, யுடிவி007 என்ற இரண்டு சிப்புக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, செருகினால் வேலை செய்யும். எனக்கு வந்த முதல் ஸ்டிக் வேறு ஏதோ. திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவது வாங்கினேன். எச்.டி.எம்.ஐ. கேப்சர் ஸ்டிக்கும் உண்டு, படம் இன்னும் தெளிவு என்கிறார்கள். எங்கள் பாக்ஸில் அந்த ஓட்டையே இல்லாததால் நான் வைத்துப் பார்க்கவில்லை. கட்டண டிடிஎச் பாக்ஸ்களின் எச்.டி.எம்.ஐ.யில் நகல் தடுப்பு இருப்பதால் கறுப்புத் திரைதான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிவி முடிந்தது, ரேடியோ. டிஷ்ஷிலேயே ரேடியோ வருகிறதே என்றால், வருகிறது. ஆனால் அப்பாவுக்கு வேண்டியது காரைக்கால் பண்பலையும் திருச்சி வானொலியும். அதற்காக யு.எஸ்.பி.யில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள் ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். கதை வேடிக்கையானது. ஆர்டிஎல்2832யு என்ற அந்தச் சிப் ஐரோப்பிய டிவிபி-டி டிவிக்காகச் செய்யப்பட்டது. அதற்குள்ளிருந்து அலையின் மூலத் தரவை அப்படியே உருவலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அது பெரும்பாலான அலைவரிசைக்குத் திரும்பும் ரேடியோ. லினக்ஸில் இதை ரேடியோவாக்க, டிவி டிரைவர் ஏறாமல் முதலில் தடுக்க வேண்டும். விண்டோஸில் ஜாடிக் என்ற சின்ன மென்பொருளால் டிரைவரை மாற்ற வேண்டும். டப்பாவில் டிஜிட்டல் டிவி என்று போட்டிருப்பதை நம்பி டிவிக்கு வாங்கிவிடாதீர்கள், டி2 இதில் வராது.

எஃப்எம்முக்கு இது அற்புதம். 75 சென்டிமீட்டர் கம்பி இரண்டு, எதிரெதிராக ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டினேன். பராமரிப்பு அவ்வளவுதான், துருப்பிடித்தால் வேறு கம்பி. காரைக்கால் 100.3 பளிச்சென்று. காற்று தோதான இரவுகளில் கொடைக்கானலின் 100.5 அதன் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரும். சாதாரண ரேடியோவில் இரண்டும் குழம்பும். இதில் திரையில் இரண்டு மேடாகத் தெரியும், வேண்டியதை ஒட்ட நறுக்கிக் கேட்கலாம். மாசி, பங்குனி ராத்திரிகளில் யாழ்ப்பாணப் பக்கத்து ஸ்டேஷன்கள் வரிசையாக முளைக்கும். அப்பா பழைய இலங்கை வானொலி நினைப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் மட்டும் தோல்வி. இந்த டாங்கிளின் ட்யூனர் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. திருச்சி வரும் மத்திய அலைக்கு, ட்யூனரைத் தாண்டி ஆன்டெனாவை நேராகச் சிப்போடு சேர்க்கும் டைரக்ட் சாம்ப்ளிங் என்ற குறுக்குவழி உண்டு, அதில் திருச்சி கேட்கவும் செய்தது. ஆனால் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் கொர்ரென்று ஒரு இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் தெளிவு, ஆனால் எங்கள் லேப்டாப் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கினால் பெரிது. இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையத்தை ஒயரில் மாட்டினால் குறையும் என்கிறார்கள். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் தெருவில் ஒரு டிஷ்கூட நிற்கவில்லை, கரண்ட் வரப் பல வாரம் ஆனது. அப்படி ஒரு நாளில் மேலே சொன்ன எதுவும் உதவாது. அப்பாவின் இரண்டு பேட்டரி டிரான்சிஸ்டர் ஜன்னல் மேடையில்தான் இருக்கிறது. 936 அதில்தான் கேட்கிறார், லேப்டாப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போதும்.

யு.எஸ்.பி. பெட்டியைப் பொங்கலுக்கு வந்தபோது தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். சென்னையில் அவன் டிஷ் பால்கனியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. ராத்திரியெல்லாம் பதிவு போட்டு வைக்கிறானாம், ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை என்கிறான்.